ராமசாமி என்றால் திரும்பாதவர்

கிள்ளானிலிருந்து வந்த லோரிக்காரர், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அச்சுக்கூட வாசலில் நின்று, "கிடங்குல ஒரு ராமசாமி செத்துட்டாராம்ணே, அரிசி மூட்டை சரிஞ்சு விழுந்து" என்றார். எந்த ராமசாமி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தக் கிடங்கில் துரைக்குத் தமிழன் எல்லாருமே ராமசாமிதான். ரயிலேறிப் போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் வைத்திலிங்கம் அண்ணன் என்று தெரிந்தது.

அச்சுக்கோக்க வருவதற்கு முன் நானும் அங்கே மூட்டை தூக்கியவன். வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லாரும் "டேய் குட்டை" என்றபோது, அவர் ஒருவர்தான் சும்மாட்டை இறக்கி வைத்துவிட்டு, "தம்பி பேரு என்னா?" என்று கேட்டார். பழனிவேலு என்றேன். ஒரு நாளும் அதைச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. கப்பலேறி வந்தபின் என் பெயரைப் பிறர் வாயால் நான் முழுதாகக் கேட்டது அன்றுதான். அழுகை வந்துவிட்டது.

ராமசாமி என்று யார் கூப்பிட்டாலும் அண்ணன் திரும்ப மாட்டார். கிடங்குக் கணக்கைப் பார்க்கும் கிராணிக்கு ஒருமுறை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "ராமசாமி எங்க பெரியப்பா பேருங்க. அவரக் கூப்பிடணும்னா ஊருக்குக் கப்பல் ஏறுங்க." நாங்கள் சிரித்தோம். அந்த வாரம் முழுக்க அவர் முதுகுக்குக் கனத்த மூட்டைகளாகவே வந்தன. "முதுகு நோவு போயிடும் பழனிவேலு. பேரு போனா வராது" என்றார்.

விபத்தைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள், கிடங்குத் தோழர்களே. அடுக்கு சரிவதைக் கிராணி பார்த்தார். "ராமசாமி! ராமசாமி!" என்று கத்தினார். நீங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்து விலகினீர்கள். அண்ணன் மட்டும் தம் போக்கில் நடந்தார்.

"கூப்பிட்டேன், திரும்பல. திமிரு புடிச்ச ஆளு" என்று சுடுகாட்டிலேயே சொன்னார் கிராணி. வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. துரைக்கு நாக்கு வளையாது, விடுங்கள். இவருக்கு என்ன கேடு? தமிழர். அண்ணன் மகளின் காதுகுத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கூப்பிட்டாராம்! யாரைக் கூப்பிட்டார்? "வைத்திலிங்கம்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அந்த மனிதர் இன்று உயிரோடு இருப்பார்.

அச்சுக்கூடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் பெயரைத்தான் கேட்கிறேன். அது அண்ணன் தந்தது. அவர் தந்தது இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. சுடுகாட்டை விட்டுக் கிளம்பும்போது பின்னாலிருந்து கிராணி, "டேய் குட்டை, கொஞ்சம் நில்லு" என்று கூப்பிட்டார்.

நான் திரும்பவில்லை.