கம்பெனிக்காரரிடம் நான் பேசிய ரேட்டு

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆடி மாதம் நடந்தது இது. பூதப்பாண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வயலும் வாழையுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. மகன் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு காரும் ஒரு வேனும்தான். கல்யாணம், சபரிமலை, வேளாங்கண்ணி என்று ஓடும். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது. காற்று பிய்த்து வாங்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் எல்லாம் விடாமல் சுற்றும், எங்கள் வண்டிகள் மட்டும் ஷெட்டில் நிற்கும்.

அந்த ஆடியில் வண்டித் தவணை கட்ட வழியில்லாமல், ஒரு காரை விற்றுவிடலாமா என்ற பேச்சே வீட்டில் வந்துவிட்டது. அப்போதுதான் காற்றாலைக் கம்பெனி ஒன்று வருடம் முழுக்க வாடகைக்குக் கார் வேண்டும் என்று ரேட்டு கேட்டது. திருவனந்தபுரத்தில் விமானத்தில் வந்து இறங்கும் அவர்களுடைய இன்ஜினியர்களைக் கூட்டி வந்து, காற்றாலைக்குக் கொண்டு போய், திரும்பவும் விட வேண்டும். மகனும் மருமகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருந்தால் இவ்வளவு, கேரளா பெர்மிட்டுக்கு இவ்வளவு என்று கொட்டேஷன் போயிற்று. கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி வீடியோ காலில் பேசி முடிப்பதாகச் சொன்னார். சாயங்காலம் என்றுதான் ஏற்பாடு.

அன்று காலையில் மகன் காளிகேசம் கோயிலுக்கு வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். மருமகள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று போய்விட்டாள். நான் அடுக்களையில் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகன் போன் செய்தான்.

“அம்மா, அந்தக் கம்பெனிக்காரரு இப்பமே கூப்பிடப் போறாராம். நான் மலைப்பாதையில நிக்கேன், சிக்னல் போயிரும். நம்ம வீட்டு போனுக்குத்தான் கூப்பிடச் சொல்லியிருக்கேன். நீ எடுத்துப் பேசிரு.”

“நான் என்னத்த மக்கா பேசுவேன்?”

“ஒண்ணும் பேசாண்டாம். அவரு எவ்வளவு கொறைக்கச் சொன்னாலும் சரின்னு சொல்லீரு. இது கைவிட்டுப் போச்சுன்னா காரும் போயிரும், கேட்டியா.”

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தெரியாத ஆம்பிளை முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம்கூட ஜன்னல் வழியாகத்தான் பேசுவேன். பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன்.

உடனே பக்கத்து வீட்டு மைனியைக் கூப்பிட்டேன். அண்ணி முறை, என்னைவிட மூத்தவள், வாய் ஓயாதவள். அவளையே பேச வைத்துவிடலாம் என்பது என் திட்டம். அவளும் தைரியமாக வந்து போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்தாள். மணி அடித்ததும் பச்சையைத் தொட்டாள். திரையில் ஆள் முகம் தெரிந்ததும் தன்னைக் குனிந்து பார்த்தாள். “ஏட்டி, நான் நைட்டியில்ல போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு பையன். என் மகன் வயதுதான் இருக்கும். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றேன்.

“வணக்கம் மேடம். உங்க ரேட் பார்த்தோம். கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா குறைச்சீங்கன்னா இப்பவே முடிச்சிடலாம்” என்றார்.

சரி என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். அது தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

“சரி மேடம், ஒரு ரூபா?”

“சரின்னு சொல்லேன்ட்டி” என்று கதவுக்குப் பின்னால் மைனி பல்லைக் கடிக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நான் திடுக்கிட்டுத் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அவர் என்னையே பார்த்தார். “ஓகே மேடம், நீங்க போட்ட ரேட்டே இருக்கட்டும்” என்றார். பிறகு எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு, “டிரைவர் பேட்டா போடவே இல்லையே? அவங்க சாப்பாடு, ராத்திரி தங்குறதெல்லாம்?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வண்டியைக் கூப்பிட்ட வீட்டில்தான் டிரைவருக்கும் இலை போடுவார்கள். படுக்கப் பாயும் கொடுப்பார்கள். அதைப் போய் யாராவது கணக்கில் எழுதுவார்களா? மகனுக்கும் மருமகளுக்கும் தோன்றவே இல்லை. கம்பெனி யாருக்கும் இலை போடாது என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. வருடம் முழுக்க டிரைவர்களின் சாப்பாடும் தங்கலும் எங்கள் கையிலிருந்து போயிருந்தால் காரோடு வேனும் போயிருக்கும்.

நான் சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கி வாயில் வைத்துக்கொண்டேன்.

“அதைத் தனியா சேர்த்துடறேன் மேடம்” என்று சொல்லி அவரே போனை வைத்தார்.

மைனி வெளியே வந்து மூக்கில் விரல் வைத்தாள். “கொறைக்கவும் விடல்ல, கூட்டியும் வாங்கிப்போட்டியே. ஏட்டி, நீ இவ்வளவு பெரிய கள்ளியா?”

“சத்தியமா வாய் வரல்ல மைனி.”

“ஏட்டி போ, ஆருட்ட சொல்லுக?”

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ‘கம்பெனிக்காரனையே எங்கம்மா தண்ணி குடிக்க வச்சிட்டா’ என்று மகன் டீக்கடையில் சொன்னானாம். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. இல்லை என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். வேறொரு டிராவல்ஸ்காரர் தனக்கும் ஒரு ரேட்டு பேசித் தர வேண்டும் என்று வீடு தேடியே வந்துவிட்டார். அவர் போகிற வரை நான் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்த அதிகாரி வண்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட நேரில் வந்தார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவருடைய டிரைவர் காரிலேயே இருந்தார். மகன் போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அதிகாரிக்குப் பக்கத்திலேயே இலை போட்டான். அதிகாரி அந்த இலையைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார். தனக்குள்ளே சிரித்துக்கொண்டார்.

“சார், இனிமே ரேட்டு பேசணும்னா எங்கம்மாட்டதான் பேசணும்” என்றான் மகன்.

“வேண்டாங்க, எனக்குப் பயமா இருக்கு” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் வந்தவரிடம் துண்டை நீட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“எங்கம்மாவும் இப்படித்தாம்மா. டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேட்டாக்கூட என் முகத்தைத்தான் பார்ப்பாங்க. அன்னிக்கு நீங்க திரும்பி நின்னதுமே தெரிஞ்சுபோச்சு. நீங்க சரின்னு சொல்லியிருந்தா நான் குறைச்சே எழுதியிருப்பேன், அது என் வேலை. பேச முடியாம நிக்கிறவங்ககிட்ட குறைக்க மனசு வரல.”

நான் கீழே கிடந்த செம்பை எடுத்து வாளியின் மேல் வைத்தேன்.

“பேட்டா உங்களுக்காக மட்டும் போடல. சாப்பாடும் தூக்கமும் இல்லாத டிரைவருக்குப் பின்னால உட்கார்றது எங்க ஆளுங்கதானே. உங்க பிள்ளைகிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க. அவர் சந்தோஷமா இருக்காரு.”

நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “துண்டு வேணுமா?” என்றுதான் வந்தது. துண்டு அவர் கையில்தான் இருந்தது. “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு, துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தார்.

காரை விற்கவில்லை. மகனிடம் நான் இன்று வரை எதுவும் சொல்லவும் இல்லை. யார் ரேட்டு பேச வந்தாலும் அவன் என்னைப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கிறான், நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வரும் பெண் ஒருத்தி விலை சொல்லவே தயங்குவாள். மற்றவர்கள் அவளிடம் பாதி விலைக்கு வாங்கிப் போவார்கள். நான் அவளிடம் பேரம் பேசுவதில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன நன்றியை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.