கடைசி வீட்டுக் குழாய்

வெட்டுக்காரியின் தோள் எலும்பை உடைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்தான். கொட்டாப்புளியால் அடித்தான். அவன் தச்சன்; உளியின் தலையில் தட்டுகிற அந்த மரச்சுத்தி எந்நேரமும் இடுப்பில் தொங்கும். அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவன் வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு நின்ற மரத்தை இவள் அடியோடு அறுத்துத் தள்ளியிருந்தாள். திரும்பி வந்தவன் வாசலில் நின்ற அடிக்கட்டையைப் பார்த்தான். பையை அங்கேயே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான். அவள் எதிரே வந்ததும் ஓங்கி ஒரே அடி.

வாங்கிக்கொண்டு சும்மா போகிற ஆளா அவள்? நல்ல கையால் தலைக்கவசத்தைக் கழற்றி அவன் முகத்தில் வீசினாள். முன்பல் ஒன்று தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பிடித்து இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "மேல மரம் விழுந்துடுச்சு" என்றாள். போலீசுக்குப் போகச் சொன்னவர்களை வாயடைத்து அனுப்பினாள். அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

அவள் அந்த மரத்தை வெட்டியது பொறாமையில் இல்லை. வெட்டுவதுதான் அவள் வேலை. மலைச்சரிவில் அந்த ஊருக்கு ஒரே தெரு, மேலிருந்து கீழாக. உச்சியில் தண்ணீர்த்தொட்டி, அதற்குச் சற்றுக் கீழே பள்ளிக்கூடம், பிறகு இரண்டு பக்கமும் வீடுகள், கடைசி வீடு அவளுடையது. சுற்றிலும் காடு. வெயில் காலத்தில் நெருப்பு வரும், மழைக்காலத்தில் மண் சரியும். ரெண்டுக்கும் ஊரைத் தயார்படுத்தி வைக்க ஒரு குழு இருந்தது, குழுவுக்குச் சம்பள ஆள் இவள் ஒருத்திதான். கூரைமேல் சாய்ந்த கிளையை வெட்டுவாள். ஓட்டு இடுக்கில் அடைந்த சருகை வாரி எறிவாள். சுவரோரம் அடுக்கிய விறகை உதைத்துத் தள்ளுவாள். இந்த வேலைக்கு நன்றி சொல்லுகிற மனுஷன் உலகத்தில் உண்டா? அவள் ஜன்னலில் கல் விழுந்தது. வண்டி டயரை யாரோ கிழித்து வைத்தார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. டயரைக் கிழித்தவனைக் கண்டுபிடித்து, அவன் வீட்டு வாழைத் தோட்டத்தைச் சருகு என்று சொல்லி மொட்டையடித்துவிட்டு வந்தாள். அது அநியாயம்தான். அவளிடம் யார் போய்ச் சொல்வது?

கிளையைவிட அவள் அதிகம் வெட்டியது ரப்பர்க்குழாயை. வருஷத்துக்குச் சில தடவை ஒத்திகை நடக்கும். சங்கு ஊதினதும் ஆளையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். கேஸை மூடு, குழாயை மூடு, கிளம்பு. இதில் ஊர் ஜனம் எல்லாவற்றையும் செய்யும், குழாயை மட்டும் மூடாது. கூரை நனைந்தால் வீடு தப்பிக்கும் என்று ரப்பர்க்குழாயைக் கூரைமேல் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் வரும். தாத்தா காலத்துப் பழக்கம். தொட்டி ஒன்று, அதிலிருந்து இறங்குகிற பெருங்குழாயும் ஒன்று. கீழ்வீடுகளில் திறந்துவிட்டால் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது.

"உங்க ஓட்டைக் குளிப்பாட்டிட்டு உள்ள உக்காந்திருக்கிற புள்ளைங்களை வேக வைக்கப் போறீங்களா?" என்று கத்திக்கொண்டே கூரைமேல் கண்ட குழாயையெல்லாம் கத்தியால் துண்டு துண்டாக்குவாள். மறுநாள் எல்லாரும் புதுக்குழாய் வாங்குவார்கள். கடைக்காரனுக்கு மட்டும் அவள் தெய்வம்.

அந்த ஆத்திரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகிப் போன ஊர் அடுத்த மலையில். அங்கே நெருப்பு வந்தபோது அவள் புருஷன் கூரைமேல் ஏறி, முகட்டில் குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டி ஓட்டை நனைத்துக்கொண்டிருந்தான். இறங்கி வா என்று கீழே நின்று கதறினாள். "இதோ, இந்தப் பக்கம் மட்டும்" என்றான். தண்ணீர் நின்றுபோனது. அவன் வெறும் குழாயை உதறி உதறிப் பார்த்ததை அவள் பார்த்தாள். அதற்கப்புறம் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. தாலி போய் நின்றவளைப் பிறந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கடைசி வீட்டை ஓடு மாற்றிக் கொடுத்துக் குடிவைத்தது அதே அண்ணன்தான்.

நெருப்பு வந்த அன்று காற்று காலையிலிருந்தே பேய்போல் அடித்தது. உச்சிவெயிலில் வானம் இருட்டியது. சங்கு ஊதியதும் அவள் வீட்டுக்கு ஓடி, கோடாலியையும் தலைக்கவசத்தையும் எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். மலையிறங்குகிற ரோட்டில் எரிகிற மரம் விழுந்து வழி அடைந்துபோனது. போக முடியாத ஜனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் அடைந்தது.

கடைசியாக அண்ணன் வந்தான், மாமனாரை முதுகில் தூக்கிக்கொண்டு. பின்னால் அண்ணி. வெட்டுக்காரி பள்ளிக்கூடத்து ரப்பர்க்குழாயை அவன் கையில் திணித்தாள்.

"கூரைமேல ஏறு."

"நீ சொல்லி நான் ஏறணுமா?"

"உன்னை விட்டா ஓட்டுமேல நடக்கத் தெரிஞ்சவன் இங்க எவன் இருக்கான்? உள்ள அண்ணி இருக்காங்க. ஏறு."

தோள் உடைந்த பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இது. அவன் ஏணியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். "தண்ணி நின்னுட்டா?"

"நிக்காது. நான் பொறுப்பு."

ஏறினான். தீப்பொறி மழையாகக் கொட்டியது. ஓட்டிடுக்கில் விழுந்து, கீழே மரச்சட்டத்தைக் கவ்வ ஆரம்பித்தது. அவன் ஒவ்வொன்றாக அடித்து அணைத்தான். அப்புறம் தண்ணீர் மெலிந்தது. பிறகு ஒழுகியது. பிறகு நின்றது. அவன் குழாயை உதறினான்.

"தண்ணி எங்கடி?" மேலிருந்து அலறினான்.

அவள் கீழே பார்த்தாள். தெரு நெடுக வீட்டுக் கூரைகள் பளபளவென்று நனைந்துகொண்டிருந்தன. வாயில் வந்த வசவை இங்கே எழுத முடியாது. கோடாலியோடு நெருப்பை நோக்கி இறங்கி ஓடினாள்.

முதல் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பூட்டைப் பிளந்து கொல்லைக்குப் போய்க் குழாயை மூடினாள். அடுத்த வீட்டில் கட்டிப்போட்ட நாய். குழாயருகே குனிந்தவளின் தொடையில் பல்லைப் பதித்தது. கோடாலிக் காம்பால் அதன் மூக்கில் அடித்து விடுவித்துக்கொண்டு, குழாயை மூடிவிட்டு, கயிற்றையும் வெட்டிவிட்டாள். நாய் நன்றி கெட்ட வேகத்தில் மேலே ஓடியது. ஒரு முயல் உடம்பெல்லாம் தீயாகத் தெருவைக் கடந்து விறகுக் குவியலுக்குள் நுழைந்தது. குவியல் குப்பென்று பற்றிக்கொண்டது. எந்த வீட்டிலோ கேஸ் சிலிண்டர் வெடித்தது. பறந்து வந்த தகரம் அவள் காதைப் பாதியாகக் கிழித்துவிட்டுப் போனது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. துடைக்க நேரமில்லை. ஒவ்வொரு குழாயையும் மூடிவிட்டு மேலே திரும்பிப் பார்த்தாள். புகை விலகும்போது அண்ணன் தெரிந்தான். சட்டையைக் கழற்றி ஓட்டை அடித்துக்கொண்டிருந்தான். இன்னும் தண்ணீர் ஏறவில்லை.

எல்லா வீடும் முடிந்தது. மிச்சம் அவள் வீடு ஒன்றுதான், அது மூடித்தானே இருக்கும்? பெருங்குழாய் எங்கோ வெடித்திருக்க வேண்டும் என்று திரும்பினாள். மறுபடி மேலே பார்த்தபோது அண்ணன் கையில் சட்டை இல்லை. மண்டியிட்டு, வெறுங்கையால் ஓட்டைப் பெயர்த்து, எரிகிற சட்டத்தைப் பிடுங்கி வீசிக்கொண்டிருந்தான். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்.

அவள் வீட்டுச் சமையலறைத் தகரக் கூரை. முகட்டில் ரப்பர்க்குழாய். கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

எப்போது ஏறினாள், எப்போது கட்டினாள்? கோடாலி எடுக்க வந்தபோதுதான் இருக்க வேண்டும். அவளுக்கு ஞாபகமே இல்லை. கை தன்பாட்டில் செய்துவிட்டு வந்திருக்கிறது. தெருவிலேயே தாழ்ந்த வீடு, ஊர்த் தண்ணீரில் பாதியை அதுதான் குடித்துக்கொண்டிருந்தது.

வேலி எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் புகுந்து குழாயின் திருகைப் பிடித்தாள். இரும்பு பழுக்கக் காய்ந்திருந்தது. மூடிவிட்டுக் கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் குழாயிலேயே ஒட்டிக்கொண்டது. மேலே கூட்டம் ஓவென்று இரைந்தது. பள்ளிக்கூடக் கூரையில் தண்ணீர் பீறிட்டது.

பள்ளிக்கூடத்துக்குள் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெருவில் பாதி வீடு சாம்பல். மரம் போன அண்ணன் வீடு நின்றது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அண்ணனின் கைகள் போய்விட்டன. இருக்கின்றன, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. இனி உளி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊர் தண்ணீர்த் திருடனைத் தேடியது. அவனவன் தன் கூரையில் கிடந்த குழாயை அவசர அவசரமாகச் சுருட்டி ஒளித்துவிட்டு, அடுத்தவனைத் திட்டினான். வெட்டுக்காரியும் தன் குழாயைப் பிய்த்து எறிந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் எறியவில்லை. வேலித்தீயில் உருகிய ரப்பர் தகரத்தில் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அண்ணன் தெருவில் இறங்கி வந்தான். இரண்டு கையிலும் கட்டு. வாசலில் நின்று கூரையைப் பார்த்தான். அவள் வெளியே வந்தாள்.

"என்னோடதுதான் கடைசி" என்றாள். "அதை மூடின பிறகுதான் உனக்குத் தண்ணி வந்துச்சு."

அவன் கட்டுப்போட்ட கையால் அவள் கன்னத்தில் அறைந்தான். வலியில் அலறியது அவன்தான். கட்டின் மேல் ரத்தம் ஊறியது. இன்னொரு கையையும் ஓங்கினான். அவள் நகராமல் நின்றாள். திருப்பி அடிக்காமல் அவள் நின்றது அன்றைக்குத்தான். அவன் கை அப்படியே இறங்கியது. படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அழுது ஓய்ந்ததும் அவன் மறுபடி கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"மாப்பிள்ளை கட்டுற மாதிரியே கட்டியிருக்க."

அவள் தலையை ஆட்டினாள்.

"அடுத்த ஒத்திகைக்கு உன் வீட்டுலேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றான் அண்ணன். "நான் வந்து பார்ப்பேன். குழாய் தெரிஞ்சுச்சு, வெட்டிடுவேன்."

"எந்தக் கையால வெட்டுவ?"

கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவளுக்கு உறைத்தது. அவன் தன் கட்டுகளைப் பார்த்தான்.

"உன் கையால" என்றான். "போ, கத்தியை எடுத்துட்டு வா. இப்பவே."

அவள் ஏணியைச் சாத்தி, தோல் போன கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். கீழே நின்று அவன் சொல்லச் சொல்ல, முகட்டுக் கம்பியோரம் கத்தியை வைத்துக் குழாயை அறுத்தாள்.