அட்டைச் சாமி

டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கட்டிய சிறிய கத்தோலிக்கக் கோயிலில், பீடத்தில் வைக்கப் புனிதர் சுரூபம் இல்லை. கொழும்பில் ஒரு பழைய பங்குக் கோயிலைப் புதுப்பித்தபோது, அங்கே மிஞ்சிய சுரூபங்களை மற்றக் கோயில்களுக்குக் கொடுத்தார்கள். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் உபதேசியார் நேரில் போய், குழந்தை இயேசுவை ஏந்திய புனிதரைக் கேட்டுவிட்டு வந்தார். திருநாளுக்கு முந்திய வாரம் அட்டன் ஸ்டேஷனில் பெட்டி வந்து இறங்கியது.

திறந்தோம். குழந்தை இல்லை. வாயில் ரொட்டியுடன் ஒரு நாய் இருந்தது. புனிதரோ அங்கியைத் தூக்கி, தொடையிலிருந்த புண்ணைச் சுட்டிக்காட்டியபடி நின்றார். இடது தொடை. வலது என்று பின்னர் சிலர் சொன்னது தவறு.

உபதேசியார் பெட்டி மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "பங்குச் சாமி பாத்தா திருப்பி அனுப்பிருவாரு சார். திருநாளுக்கு வெறும் பீடத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி குனிந்து புண்ணைப் பார்த்தாள்.

"அட்டை கடிச்சிருக்கு, பாவம்."

"கொழும்புல ஏதுடி அட்டை?"

"அதான் அங்க யாருக்கும் வெளங்கல. நம்மகிட்ட அனுப்பிட்டாங்க."

தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன் என்பதால் விளக்குவது என் கடமை. இவர் கொள்ளைநோய்க்காரர்களைப் பராமரித்தவர், அவருக்கே நோய் வந்து காட்டில் கிடந்தபோது இந்த நாய்தான் ரொட்டி கொண்டுவந்தது, வாந்திபேதிக் காலத்தில் கொழும்புக்காரர்கள் இவரிடம் வேண்டியிருப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள்.

"சரிங்க சார். அப்ப அட்டை எப்பங்க கடிச்சிச்சு?"

சனிக்கிழமை மழையில், தேயிலைக்குள் குறுக்குப் பாதையாக ஏறிப் பங்குச் சுவாமியார் வந்தார். சுரூபத்தைப் பார்த்தார். உபதேசியாரைப் பார்த்தார்.

"இது நாம கேட்டவர் இல்ல. திங்கட்கிழமை திருப்பி அனுப்பணும்."

"எங்க அட்டைச் சாமி இருக்கட்டுங்க, சாமி" என்றாள் ஒருத்தி.

"திருச்சபையில அட்டைச் சாமின்னு ஒருத்தரும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். மெதுவாக அங்கியைத் தூக்கினார். இடது முழங்காலுக்கு மேலே கொழுத்த அட்டை ஒன்று தொங்கியது. அதை விரலால் சுட்டியபடி அசையாமல் நின்றார்.

உபதேசியார் சுரூபத்தையும் சுவாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

"நாய் ஒன்னுதான் கொறை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முதலில் சிரித்தவர் சுவாமியார்தான்.

"அப்ப இவரு இருக்கலாமுங்களா சாமி?" என்று கேட்டார் உபதேசியார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். இந்த அட்டைக்கு வைக்க யார்கிட்டயாவது சுண்ணாம்பு இருக்கா?"