கலங்கிய ஊற்றில் ஒரு கை

பிள்ளைகளே, போன வருடப் பள்ளி விடுமுறையில் லாபிஸ் பக்கம் போனோமே, டுரியான் தோட்டத்துக்குள் இருந்த அந்த ஊற்றுக் குளம் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் இருவரும் அம்மாவோடு கரையில் மைலோ குடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீருக்குள் எனக்கு என்ன நடந்தது என்பதை இதுவரை சொல்லவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த தோட்டத்துக் குளத்தை எட்டிப் பார்த்தாலே அடி விழும். அந்தப் பயத்தோடுதான் உங்களையும் வளர்த்தேன். பெரியவள் நீச்சல் வகுப்பு கேட்கும்போதெல்லாம், "அடுத்த வருஷம் பாக்கலாம்லா" என்று தள்ளிவிடுவேன். அன்று அவள் விடவில்லை.

"நீங்க ஒருவாட்டி உள்ள போய்ட்டு வந்து வேணாம்னு சொல்லுங்கப்பா. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

அங்கே ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண். என் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டி, மூச்சுக் குழாயை வாயில் கடித்துக்கொள்ளச் சொன்னார்.

"மூச்ச அடக்காதீங்கண்ணே. அடியில கால ஊனாதீங்க, சேறு கிளம்பிடும்."

தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடந்த இலைகள்கூடத் தெரிந்தன. அதைப் பார்த்து இடுப்பளவு ஆழம்தான் என்று நினைத்துவிட்டேன். அவரோடு இறங்க இறங்கத் தரை வரவில்லை. இரண்டு ஆள் ஆழம். தரையைக் கண்டதும் என் கால் யார் பேச்சையும் கேட்கவில்லை, ஊன்றி நின்றுவிட்டேன்.

சேறு புகையாகக் கிளம்பியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாயப் பார்த்தேன். அப்போது ஓர் உள்ளங்கை அந்தக் குழாயை என் வாயோடு சேர்த்து அழுத்தியது. இன்னொரு கை என் தோள்வாரைப் பற்றியது. திமிறினேன், முழங்கையால் இடித்தேன். அந்தக் கை என்னை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

ஊற்று நீர் மெல்லச் சேற்றைத் தள்ளிக்கொண்டு போனது. அப்போதுதான் பார்த்தேன். என் இடியில் அந்தப் பெண்ணின் முகக்கண்ணாடி கழன்று போயிருந்தது. கண்களை இறுக மூடியபடியே என்னைப் பிடித்திருந்தார். என் மூச்சு சீரான பிறகுதான் மெதுவாக மேலே கொண்டுவந்தார்.

அவர் புருவம் வீங்கிச் சிவந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க தங்கச்சி."

"அலமாக்! சிலம்பம் படிச்சீங்களாண்ணே?" என்று சிரித்தார்.

"ஏன் என்னை ஒடனே மேல இழுக்கல?"

"மூச்ச அடக்கிட்டு வேகமா மேல வந்தா நுரையீரலுக்கு ஆபத்துண்ணே. பயந்த ஆளுக்கு மொதல்ல தொணையா இருக்கணும். மேல வர்றதெல்லாம் அப்புறம்தான்."

உங்கள் கையைப் பிடித்து வெளியே இழுப்பதுதான் பாசம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உள்ளேயே இருந்து கையை விடாமல் பிடித்திருப்பதும் பாசம்தான் என்று யாரோ பெற்ற அந்தப் பிள்ளை எனக்குக் காட்டிவிட்டது.

கரையேறியதும், "எப்படிப்பா இருந்துச்சு?" என்று பெரியவள் கேட்டாள். "நல்லா இருந்துச்சும்மா. வகுப்புல சேந்துக்க" என்று மட்டும் சொன்னேன். ஆனால் சும்மா கரையில் நிற்கும் அப்பாவாக இருக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை பெர்மாஸ் ஜெயாவில் நம் வீட்டில், நீங்கள் எழுவதற்கு முன், குளியலறைக் கதவைச் சாத்தி வாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன். முகத்தை உள்ளே வைத்துக் கண்களைத் திறந்தேன். வாளியின் அடி தெரிந்தது. மூச்சை அடக்காமல், மெதுவாக விட்டேன்.