ஏழு, எட்டு, ஒன்பதைத் தொலைத்தவர்

போன வருஷம் பங்குனி மாதம். விருதுநகர் அம்மன் கோவிலில் பொங்கல் சாட்டி, சுற்று வட்டாரமெல்லாம் மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்த நேரம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டு ஆர்டர்களுக்கு மெயில் எழுதுவது என் பொறுப்பு. காலண்டர் சீசன் முடிந்து பிரஸ் தூங்கிக்கொண்டிருந்ததால், காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை போல. மதுரையில் ஏதோ கூட்டத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாராம். நம் பக்கத்து நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். மொழிபெயர்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல், நீ போயிட்டு வாம்மா என்று அனுப்பிவிட்டார்.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு வெள்ளைக்காரம்மா இறங்குவார் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் காத்திருந்தேன். கார் வந்து நின்றது. பின் கதவைத் திறந்து இறங்கியவர் மாநிறம். இடுப்பு வரை தொங்கும் கறுத்த சடை, காதில் வளையம், கணுக்கால் தொடும் பூப்போட்ட பாவாடை. எங்கள் சின்னத்தைக்குப் பாவாடை கட்டிவிட்டு நிறுத்தியது மாதிரி இருந்தார். நான் அவரைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்து மேடத்தைத் தேடினேன். டிரைவர் சிரித்துவிட்டார்.

ஐரோப்பாவில் ஜிப்சி என்பார்களே, அந்த மக்கள். அந்தப் பேர் அவர்களுக்குப் பிடிக்காது, ரோமா என்றே சொல்ல வேண்டும். இதை முதல் ஐந்து நிமிஷத்திலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஏழாயிரம்பண்ணை ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் காய்ந்த காடு, நடுநடுவே பட்டாசுக் கம்பெனிகள். சின்னச் சின்ன அறைகளாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்த்து ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார். ஒன்று வெடித்தால் இன்னொன்று பற்றிக்கொள்ளக் கூடாது, அதுக்குத்தான் என்றேன். திரும்பித் திரும்பி அந்த அறைகளையே பார்த்தார். அப்புறம், எங்கள் வீடுகளையும் ஊரை விட்டு இப்படித்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள், நாங்கள் என்னவோ வெடித்துவிடுவோம் என்கிற மாதிரி என்றார்.

அவருடைய ஊர் ஒரு மலையடிவாரத்தில். குடிநீர்க் குழாய் ஊரோடு நின்றுவிடுமாம், ரோமா குடியிருப்புக்கு வராதாம். சின்ன வயதில் அவரை மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். குறை ஒன்றுமில்லை, ரோமா பிள்ளை என்பதுதான் காரணம். பல இடங்களில் இப்படி நடந்திருக்கிறது என்றார். அதை மாற்ற இப்போது அரசாங்கங்கள் திட்டம் மேல் திட்டம் போடுகின்றனவாம். அதில் ஒன்றில்தான் அவருக்கு வேலை. குடியிருப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் போய்வந்து, பிள்ளைகள் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. ஐரோப்பா என்றால் ஆல்பம் அச்சடிக்க அனுப்புகிற பனிமலைப் படங்கள்தான் எனக்குத் தெரியும். அந்த மலைக்குப் பின்னாலும் இப்படியா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

குடியிருப்பில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள் வரிசையாக இருந்தன. திருவிழாவுக்குப் பாசிமணி விற்கப் போகிற மும்முரத்தில் ஆளாளுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாசலில் வேப்பமர நிழலில் ஓர் அம்மா பாசி கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பத்து வயதுப் பெண் பிள்ளை பாசிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாள்தான் அது. அந்தம்மா எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போட்டோ பிடிக்க வந்தீகளா சாமி? பிடிச்சுக்கோங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்."

எத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதிலோ. ரோமா அம்மா தான் வந்த காரணத்தை ஆங்கிலத்தில் சொன்னார். அதில் 'இன்க்ளூஷன்' என்று ஒரு வார்த்தை வந்தது. அதுக்கு நறுக்கென்று தமிழ் தோன்றாமல், "உங்களையும் எல்லாரோடயும் சேத்துக்கிறதுக்குத் திட்டம் போடுறாங்கல்ல அக்கா, அதைப் பத்திப் பேச வந்திருக்காங்க" என்றேன்.

அப்போதுதான் அந்தம்மா நிமிர்ந்தார். "சேத்துக்கிறதா? யாரு யாரைச் சேத்துக்கிறது தாயி?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ரோமா அம்மா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வெயில் கொளுத்தியது. பிள்ளை உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். அவர் மடமடவென்று குடித்துவிட்டு, நெஞ்சு குளிர, தனக்குத் தானே சொல்வது போல "பாணி" என்றார்.

பிள்ளை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். அவர்கள் வீட்டுப் பேச்சிலும் தண்ணீருக்கு அதுதான் பேர்.

அந்தம்மா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். செம்பைக் காட்டி, திரும்பச் சொல்லு என்று சைகை செய்தார். பாணி. தன் மூக்கைத் தொட்டு "நாக்?" என்றார். ரோமா அம்மா தன் மூக்கைத் தொட்டு "நக்" என்றார். காதைத் தொட்டார்கள், இரண்டு பேருக்கும் அது "கான்". அந்தம்மா கைப்பிடிப் பாசியை மண்ணில் கொட்டி ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ண ஆரம்பித்தார். ஏக் என்றால் ரோமா அம்மா யெக். இரண்டு மட்டும் கொஞ்சம் உதைத்தது. தீன் என்றால் த்ரீன், பாஞ்ச் என்றால் பாஞ்ஜ். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்து சுற்றி நின்றார்கள். மொழிபெயர்க்கப் போனவள் நான். அங்கே எனக்கு வேலையே இல்லை.

ஆறு வரைக்கும் கிட்டத்தட்ட ஒத்து வந்தது. ஏழில் நின்றுவிட்டது. இவர்கள் சாத் என்றார்கள், அவர் எஃப்தா என்றார். எட்டும் ஒன்பதும்கூட வேறாக இருந்தன. பத்துக்கு வந்ததும் திரும்பக் கூடிவிட்டார்கள், தஸ் என்றால் தேஷ். ரோமா அம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பி விளக்கினார். ஆயிரம் வருஷம் இருக்கும், அவருடைய மூதாதைகள் வட இந்தியாவிலிருந்து கிளம்பி மேற்கே நடந்தார்களாம். கிரேக்க நாட்டுப் பக்கம் ரொம்ப காலம் தங்கியதில் ஏழும் எட்டும் ஒன்பதும் மட்டும் கிரேக்கமாகிவிட்டதாம். நரிக்குறவர்களின் பேச்சும் வடக்கேயிருந்து வந்ததுதான் என்பார்கள். இவர்கள் தெற்கே வந்தார்கள், அவர்கள் மேற்கே போனார்கள். ஒரே கூட்டம் என்று சொல்ல எனக்கு விவரம் போதாது. ஆனால் எத்தனை மலை, எத்தனை கடல் தாண்டியும் தண்ணீருக்கான சொல்லை மட்டும் இரண்டு பேரும் கீழே போடவில்லை.

அந்தம்மா கையை நீட்டி ரோமா அம்மாவின் கன்னத்தைத் தடவினார். "இம்புட்டுத் தூரமா போனீக?" என்று கேட்டார். அதை மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதற்கப்புறம்தான், பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்கிற உண்மை வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குடிக்க ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்திருப்பார்கள். இந்தப் பிள்ளை அதில் தம்ளரை விட்டு மோந்ததை, மகனைக் கூப்பிட வந்த ஒரு பெண் பார்த்துவிட்டார். மறுநாள் நாலைந்து பேர் வந்து சத்தம் போட, நீ மட்டும் தனியா பாட்டில் கொண்டு வந்துடும்மா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு போகவில்லை. நாளைக்கு விடிந்தால் குடும்பம் திருவிழாவுக்குக் கிளம்புகிறது. விருதுநகரில் ஆரம்பித்து ஊர் ஊராகப் போய், ஆடி கழிந்துதான் திரும்புவார்கள். அஞ்சாம் வகுப்பை இப்படி விட்டுவிட்டுப் போகிற பிள்ளை ஆறாம் வகுப்புக்குத் திரும்புவது நடக்காத காரியம். "நானும் இப்பிடித்தான் ஒரு திருவிழாவுக்குப் போனேன். அம்புட்டுத்தேன் என் படிப்பு" என்றார் அந்தம்மா. வீடு வந்துவிட்டது, எஸ்.டி. சான்றிதழும் வந்துவிட்டது, ஒரு தம்ளர் தண்ணீர் வரவில்லை.

ரோமா அம்மா இதைக் கேட்டு அறிவுரை சொல்லாமல், சின்ன வயதில் தன்னைச் சேர்த்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அந்தம்மாதான் கேட்டார், உன்னை அந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தில் போட்டப்போ உன் ஆத்தா என்ன செஞ்சா என்று. இரண்டு வருஷம் பயந்து சும்மா இருந்தாள், அப்புறம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே விடுகிற வரைக்கும் தினமும் வாசலில் உட்கார்ந்தாள் என்று பதில் வந்தது. பனி விழுகிற ஊர் அது.

அந்தம்மா எழுந்து உள்ளே போனார். சீப்பையும் எண்ணெயையும் கொண்டு வந்து பிள்ளைக்குத் தலை வாரிவிட்டார். பையை எடுத்து மாட்டினார். "வா, போவோம்" என்றார்.

பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். சத்துணவு நேரம், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். தலைமை ஆசிரியை எங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். கெட்டவர் இல்லை, பயந்தவர். மத்த பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க, நான் என்னங்க செய்வேன் என்று என்னிடம் புலம்பினார். அந்தம்மா நேராக டிரம் பக்கத்தில் போய் நின்றுகொண்டு மகளைப் பார்த்து, "டீச்சருக்குத் தண்ணி மோந்து குடு" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை தம்ளரில் மோந்து நீட்டினாள். தம்ளர் அந்தரத்தில் நின்றது. அவர் வாங்காவிட்டால் இந்தப் பிள்ளை இனி எந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதிக்க மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்தார், கேட் பக்கம் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கி முழுசாகக் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்து, "தட்டை எடுத்துட்டு வந்து வரிசையில நில்லும்மா" என்றார்.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்றால் அது பச்சைப் பொய். அடுத்த வாரமே சில வீடுகளிலிருந்து பிள்ளைகளுக்குத் தனி பாட்டில் வந்ததாம். ஆனால் அந்தம்மா அந்த வருஷம் திருவிழாவுக்குப் போகவில்லை. பாசி நன்றாக விற்கிற நாட்களை விட்டுவிட்டு, மற்றவர்களை அனுப்பிவிட்டு, மகளோடு ஊரிலேயே இருந்தார். பெற்றோர் கூட்டத்துக்கும் போய், பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் போடுங்க என்று கேட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு.

அன்று கிளம்பும்போது ரோமா அம்மா பள்ளிக்கூட வராந்தாவில் அந்தப் பிள்ளையின் முன்னால் குனிந்து, ஏழு, எட்டு, ஒன்பதை மட்டும் எனக்குச் சொல்லிக் கொடு என்று கேட்டார். சோற்றுக் கையோடு அவள் சொன்னாள். சாத், ஆட், நவ். கார் சிவகாசி வந்து சேரும் வரைக்கும் அவர் வாய்ப்பாடு படிப்பது போல அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வழியில் தொலைத்ததை, தண்ணீர் மோக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

யாரு யாரைச் சேத்துக்கிறது என்று அந்தம்மா கேட்டதை இன்றைக்கும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பிரஸ்ஸில் டிரம்மில் தண்ணீர் மோந்து யாராவது என் பக்கம் நீட்டும்போதெல்லாம், அந்தரத்தில் நின்ற அந்தத் தம்ளரும் அதைப் பிடித்திருந்த சின்னக் கையும் என் கண் முன்னால் வந்து நிற்கின்றன.