மாமனாரின் பன்றியைப் பட்டியில் அடைத்த எனோஸ்

எனோஸ் பிரிண்டில் என் அம்மாவுக்குத் தாய்மாமன். பாஸ்டன் பக்கத்து எங்கள் ஊர் ஸ்டோன்பரியில் பிரிண்டில் வீட்டார் மூன்று கிளை. ஆற்றுக்கு அப்பால் இருந்தவர்கள் கோபக்காரர்கள், ஆலைப் பக்கத்தவர்களுக்குச் சீக்கிரமே வழுக்கை விழும், எனோஸ் பிறந்த கிளையாருக்கு வாயை மூடத் தெரியாது. கூரைக்கு மரச்சில்லு பிளந்து வேய்வது அவர் தொழில். இங்கிலாந்து ராஜாவோடு நடந்த சண்டைக்கு எட்டு மாதம் போய், பனியில் இரண்டு கால்விரல்களை விட்டுவிட்டு வந்தவர்.

பள்ளிக்கூடம் போனது இரண்டு குளிர்காலம்தான். மற்ற படிப்பெல்லாம் சத்திரத்துக் கூரைமேல் கிடைத்தது. அவர் மேலே வேய்ந்துகொண்டிருப்பார். கீழே போதகர் ஹோல்ட் புத்தகங்களை உரக்கப் படித்துக்கொண்டிருப்பார். ஓட்டை வழியாக எல்லாம் மேலே வந்து சேரும். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது அப்படித்தான். செத்து எழுபது வருஷமான ஓர் இங்கிலாந்துத் தத்துவ ஞானி, ஆளப்படுகிறவன் சம்மதிக்காமல் ஆள்கிறவனுக்கு அதிகாரம் கிடையாது என்று எழுதி வைத்திருந்தாராம். அவர் ஊர்க்காரர்கள் படித்துவிட்டு மூடி வைத்தார்கள். எங்கள் ஆட்கள் படித்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார்கள்.

எனோஸ் அதைக் கேட்ட அன்றே வீட்டில் பரீட்சித்துப் பார்த்தார். அக்கா லிடியா தண்ணீர் தூக்கி வரச் சொன்னதும், "என் சம்மதத்தைக் கேட்டியா?" என்றார்.

"சோளக்கூழ் குடிக்க வந்து உக்காரும்போது யார் சம்மதத்தைடா கேக்கற?" என்று வாளியைக் கையில் திணித்தாள் அக்கா.

ஜெருஷா வெதரலைப் பெண் கேட்டபோதும் தகப்பனாரிடம் போகாமல் நேரே அவளிடம் போய் நின்றார். "முதல்ல உன் சம்மதம். உங்கப்பா சம்மதம் அப்புறம்."

"முதல்ல தொப்பியில இருக்கிற மரத்தூளத் தட்டுங்க. சம்மதத்தப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாளாம் அவள்.

அவளுடைய தகப்பனார் ஜோத்தாம் வெதரல், ஜெப வீட்டில் போதகருக்கு அடுத்தவரான டீக்கன். ஊருக்கு விதி எழுதுவது அவர். கூட்டத்துக்குத் தலைமை அவர். வழக்கு வந்தால் நீதி சொல்வதும் அவரே. நல்ல மனிதர்தான். மூன்று நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்து பழகிவிட்டார், அவ்வளவுதான். மேட்டு நிலத்து ஆறு ஏக்கர் ஆப்பிள் தோட்டத்தை மகளுக்கும் மருமகனுக்கும் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். 1780 ஜனவரியில் கல்யாணம் ஆனது. தோட்டம் கைக்கு வரும்வரை இருவரும் அவர் வீட்டுப் பின்னறையில், வெங்காயச் சரங்களுக்கு அடியில் படுத்துக்கிடந்தார்கள்.

புது மாப்பிள்ளையை மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் பன்றிக் காவலராகத் தேர்ந்தெடுப்பது எங்கள் பக்கத்து வேடிக்கை. ஏப்ரல் பிறந்தால் வெளியே மேயும் பன்றிக்கு தோண்டாமலிருக்க மூக்கில் வளையமும், வேலிக்குள் நுழையாமலிருக்கக் கழுத்தில் கட்டையும் இருக்க வேண்டும். இல்லாததைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைப்பது காவலர் வேலை. மற்ற மாப்பிள்ளைகள் ஊராருக்கு ஆளுக்கொரு குவளை ஆப்பிள் சைடர் வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துபோவார்கள். எனோஸ் விதியைக் காப்பேன் என்று சத்தியம் செய்துகொடுத்தார், அதை மெய்யென்றும் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் புது அரசாங்கத்துக்கான சட்டத்தாள் பாஸ்டனிலிருந்து வந்தது. ராஜா போனபின் நம்மை யார், எப்படி ஆள்வது என்பதை ஊர் ஊராக ஆண்கள் கூடி, விதி விதியாகக் கேட்டுக் கை தூக்க வேண்டும். ஜெப வீட்டில் கூட்டம் நடந்தது. மனிதர் எல்லோரும் சமமாகப் பிறந்தவர்கள் என்பதற்கு ஒரு மணி நேரம் ஆனது. மதத்தைப் பற்றிய விதிக்கு ஒன்றரை நாள் ஆனது. கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் டீக்கன் தோட்டத்துப் பத்திரம் எழுதுவதாக இருந்தார். மையைக்கூடக் கரைத்து வைத்துவிட்டார்.

கடைசியாக, விதி செய்கிறவர் ஒருவர், நிறைவேற்றுகிறவர் ஒருவர், தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவர் என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று ஒரு விதியைப் போதகர் படித்தார்.

கொல்லர் ஒபதியா எழுந்தார். "ஐயா, ஒரு ஆள் செய்யற வேலைக்கு எதுக்கு மூணு பேரு? எனக்கு ஒண்ணும் விளங்கல."

"பிரான்சு தேசத்து ஞானி ஒருத்தர் ரொம்ப யோசிச்சுச் சொன்னது" என்றார் போதகர்.

"அவருக்கு நேரம் இருந்துச்சு. எனக்கு உலை ஆறுது."

வாசலில் நிழல் தட்டியது. விதவை சில்பா கிரேன். பெண்களுக்கு உள்ளே பேச்சில்லை. அவள் நிலைப்படியில் நின்றே பேசினாள். "உங்க பேச்சு முடியறதுக்குள்ள என் பட்டாணி முடிஞ்சிடும். டீக்கனோட பன்னி உள்ள பூந்திருக்கு. கழுத்துல கட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எல்லோரும் எனோஸைப் பார்த்தார்கள். எனோஸ் எழுந்தார்.

"மாப்ள, வீட்டுக்கு ஓட்டி விட்டுட்டு வாங்க" என்றார் டீக்கன்.

"பட்டிக்குத்தான் மாமா ஓட்டணும்."

"அந்த விதிய எழுதினதே நான். கூட்ட நாளுக்கு அது பொருந்தாது."

"அப்படி அதுல எழுதலையே மாமா."

"நீதிபதியும் நான்தான். தீர்ப்புச் சொல்லிட்டேன், பன்னி மேல குத்தமில்ல."

 கொல்லர் ஒபதியா மெல்லத் தலையை ஆட்டினார். "போதகரய்யா, இப்ப விளங்கிடுச்சு."

கூரை அதிரும்படி சிரித்தார்கள். டீக்கனின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. எனோஸ் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்தப் பன்றி ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். எட்டுக் கால்விரல்காரருக்கு அது லேசில் பிடிபடவில்லை. பட்டாணிக் கொடியில் இரண்டு முறை விழுந்து எழுந்தார். அப்போது பதினொரு வயதான என் அம்மா வேலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஜெருஷா இடுப்பில் கட்டிய சமையல் துணியில் சோளத்தை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"பட்டியில அடைச்சா நாளைக்குத் தோட்டம் கிடைக்காது. தெரியுமில்ல?"

"தெரியும். விட்டுட்டா, ராஜாகிட்ட எதுக்குச் சண்டை போட்டேன்னு என் விரலு ரெண்டும் வந்து கேக்கும்."

ஜெருஷா பெருமூச்சு விட்டாள். அவளும் அந்த வெங்காயத்துக்கு அடியில்தானே படுக்கிறாள். "சரி, நான் சோளத்தக் காட்டறேன். நீங்க பின்னங்காலப் புடிங்க."

பட்டிக் கதவைச் சாத்திவிட்டு, சேறு சொட்டச் சொட்ட எனோஸ் திரும்பியபோது அந்தக் கடைசி விதிக்குக் கை தூக்கும் நேரம். கைகளை எண்ண வேண்டியவர் டீக்கன்.  அவர் எண்ணும் வேலையைப் போதகரிடம் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தன் கையைத் தூக்கினார்.

"பன்னி வழக்குக்குப் பக்கத்து ஊர் நீதிபதியக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த நீதிபதி வந்து, ஒரு மூட்டைப் பட்டாணியும் ஒரு பன்றிக்குட்டியும் விதவைக்கு என்றார். டீக்கன் கொடுத்தார்.

ஆனால் பத்திரம் எழுதவில்லை. மை காய்ந்தது. சாப்பாட்டு மேசையில், "ஜெருஷா, உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உன் புருஷன" என்பதோடு பேச்சு நின்றது. எனோஸும் வாய் திறக்கவில்லை. எங்கள் கிளையில் அது அதிசயம். ஆப்பிள் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும்வரை வெங்காய வாசனைதான்.

ஜூன் நடுவில் ஒரு காலை, அந்தப் பக்கத்து ஊர் நீதிபதி மறுபடி வந்து மேசையருகே உட்கார்ந்தார். டீக்கன் ஒரு தாளை மருமகன் முன் தள்ளினார். "எழுதினது நான். சாட்சியும் நானா இருக்கக் கூடாதில்ல? அதான் இவரக் கூப்பிட்டேன்."

எனோஸ் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். ஆறு ஏக்கரும் இருந்தது, வீடு கட்ட இடமும் இருந்தது. அடியில் ஒரு நிபந்தனை: கழுத்துக் கட்டை இல்லாத எந்தப் பன்றியும் இந்தத் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது, எழுதித் தருபவரின் பன்றியும் அதில் சேரும்.

"இந்த நிபந்தனைக்கு என் சம்மதத்தக் கேக்கலையே மாமா" என்றார் எனோஸ்.

"கையெழுத்துப் போடறீங்களா, இல்ல வெங்காயத்துக்கு அடியிலயே படுத்துக்கறீங்களா?"

எனோஸ் சம்மதித்தார்.