எந்த ஊரில் இருந்தபோது

அவளுக்கு வரவேண்டிய செய்தி எனக்கு வந்தது. இத்தாலியின் நடுப்பகுதியில் சான் ஜிமிஞானோ என்றொரு குன்றூர் இருக்கிறது. அதன் மதிலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் நான் தனியே நின்றுகொண்டிருந்தபோது, என் தோழியின் அண்ணன் ஊரிலிருந்து அழைத்தார்.

“தங்கச்சி, அவ பக்கத்துல இருக்காளா?”

“இல்லண்ணா, பார்க்கிங் டோக்கன் எடுக்கப் போயிருக்கா. இன்னா விஷயம்?”

“அப்பா சல்லேகனை எடுத்துட்டாரு. முந்தாநேத்து சாப்பாட்ட வுட்டுட்டாரு. இப்ப மோர் மட்டும்தான்.”

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் தமிழ்ச் சமணர்கள். செஞ்சிப் பக்கம் வல்லத்துக்கு அருகே பல தலைமுறையாக நெல்லும் மணிலா என்னும் வேர்க்கடலையும் பயிரிடும் குடும்பம். உடல் இனித் தேறாது என்று தெளிந்தபின், குருவின் அனுமதியோடு உணவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நீரையும் விட்டு விடைபெறும் நோன்பு அது. தோழியின் அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகியிருந்தன. மருத்துவமனைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டதை என் தோழியும் அறிவாள். நோன்பு தொடங்கியதை மட்டும் அவள் அறியவில்லை.

பின்பு அப்பாவே கைபேசியை வாங்கிப் பேசினார். குரல் தளர்ந்திருந்தது; குழப்பம் இல்லை.

“அவகிட்ட இப்ப சொல்லாதம்மா. ஆசப்பட்டுப் போயிருக்கா, நல்லா பாத்துட்டு வரட்டும். அவ அழுதா எனக்கு மனசு கலங்கிடும். இந்த நேரத்துல அது கூடாது. நீ வெவரமானவ, அதான் உங்கிட்ட சொல்றேன்.”

“சரிங்கப்பா” என்றேன்.

அவரை நான் அப்பா என்று அழைத்ததற்குக் காரணம் உண்டு. என் அம்மா அவர் நிலத்தில் மணிலா பிடுங்கக் கூலிக்குப் போனவர். ஒன்பதாம் வகுப்பில் அவர் மகளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். முதன்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே தயங்கி நின்ற என்னை, மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னவர் அவர். எங்கள் தெருவிலிருந்து அந்த ஊருக்குள் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்டவர் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தார்.

அவள் டோக்கனோடு திரும்பி வந்தாள். அவளோடு போயிருந்த எங்கள் மூன்றாவது தோழி மதுரைக்காரி. ஜெர்மனியில் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கார் ஓட்டுவது அவள் பொறுப்பு. ஆறு நாள், ஐந்து மலையூர்கள் என்பது திட்டம். அது இரண்டாம் நாள்.

“ரெண்டு பேரும் எந்தக் கோட்டையப் பாத்தாலும் செஞ்சி செஞ்சின்னு ஆரம்பிச்சிருவீங்களே, இங்கயும் உண்டா?” என்றாள் மதுரைக்காரி.

“இருக்குதே. எங்க ஊர்ல ஜனங்க கீழ, கோட்ட மேல. இங்க ஜனங்களையும் சேத்து மேல ஏத்திட்டாங்க” என்றாள் என் தோழி. “நம்ம ராஜகிரி மேல குடியிருந்தா கேஸ் சிலிண்டர எவன்டி தூக்கினு வருவான்?”

நானும் சிரித்தேன். அதுதான் என் முதல் பொய்.

சமூகக் கொள்கை படித்தவள் நான். ஒரு முடிவால் யாருக்கு என்ன நேரும் என்று எடைபோடுவதுதான் என் படிப்பு, பழக்கமும் அதுவே. அன்று மாலை முழுவதும் எடைபோட்டேன். சாகப்போகிறவரின் விருப்பம் ஒருபுறம், மகளின் உரிமை மறுபுறம். நான் சொல்லிவிட்டால் அவள் உடனே அழைத்து அழுவாள்; அவர் அஞ்சியது நடந்துவிடும். சொல்லாமல் இருந்தாலோ, பயணம் முடிய இன்னும் நான்கு நாள்தான். இரண்டு மூன்று வாரம் தாங்குவார் என்று உறவில் ஒரு டாக்டர் சொன்னதாக அண்ணன் கூறியிருந்தார். ஆகவே பயணம் முடிந்ததும் சொல்லலாம், அவள் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தீர்மானித்தேன். நான் நினைத்ததற்கு முன்பே அவர் போய்விட்டால்கூட, மகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருப்பார்கள் என்ற எண்ணம் அடியில் இருந்தது. எங்கள் தெருவில் சிங்கப்பூரிலிருந்து மகன் வரவேண்டும் என்று என் பெரியப்பாவை இரண்டு நாள் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். சாவு வீடென்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் சியெனாவில் அவள் வீட்டுக்கு அழைத்தாள். “அப்பா தூங்கறாரு” என்று அண்ணன் சொன்னது எனக்கும் கேட்டது. “எப்பப் பாத்தாலும் தூக்கம்தானா?” என்று சிணுங்கிவிட்டு வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க வரைபடத்தை விரித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் ஓர்வியெட்டோ போய்ச் சேர்ந்தோம். செங்குத்தான பாறையின் தலையில் ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது. காலையிலேயே அண்ணனின் செய்தி வந்திருந்தது: மோரையும் விட்டுவிட்டார், இனி வெந்நீர் மட்டும். அதைப் படித்த கையோடு அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மாலையில் அறைக்குத் திரும்பியதும் சொல்வது என்று தள்ளிவைத்தேன். பிற்பகலில் ஒரு சந்துக்கடையில் அவள் ஆலிவ் மரத்தில் கடைந்த கிண்ணம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு மோர் குடிக்க நல்லாருக்கும்ல?”

“வேணாம்டி” என்றேன்.

“ஏன்?”

“பெட்டியில எடமில்ல.”

“உன் பெட்டியில வெக்கறேன், போ” என்று சொல்லி வாங்கிவிட்டாள். அதற்குப்பின் அந்த மாலையிலும் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, விடுதியின் கீழ்த்தளத்தில் நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. தெருவுக்கு எழுந்து போய் எடுத்தேன்.

“விடியக்காலைல அப்பா போயிட்டாரு. அமைதியாத்தான் போனாரு. அவகிட்ட சொல்லிடு.”

“அண்ணா, ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லிட்டீங்களா? இப்ப கெளம்பினா நாளைக்கு வந்துடுவா.”

“எங்கள்ல அப்படி வெக்க மாட்டோம்மா. நேரம் ஆவ ஆவ ஒடம்புல சின்னச்சின்ன உயிருங்க உண்டாவும். எரிக்கும்போது அதுங்களும் சேந்து போவும். அப்பாவுக்காக அந்தப் பாவத்தப் பண்ண முடியாது. ஒரு மணிக்கு எடுத்துடுவோம்.”

ஊரில் அப்போது பதினொன்றரை. அவர்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே கிழங்கு சமைப்பதில்லை என்று தெரியும். தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார்கள் என்று தெரியும். அதே மனிதர்கள் இறந்தவரை எப்படி வழியனுப்புவார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலேயே என் தெருவின் வழக்கத்தை அவர்கள் வீட்டில் பொருத்தி, அதை நம்பி மூன்று நாள் மௌனமாக இருந்திருக்கிறேன்.

நான் திரும்பியபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். கையை நீட்டினாள். கைபேசியைக் கொடுத்தேன்.

அடுத்த அரை மணி நேரத்தில் மதுரைக்காரி காரை ரோம் விமான நிலையத்துக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். வழியில் அண்ணன் வீடியோவில் காட்டினார். நெடுஞ்சாலையில் படம் அடிக்கடி உறைந்தது. ஒருமுறை உறைந்து மீண்டபோது பாடை வாசலைத் தாண்டிவிட்டிருந்தது. அவள் சத்தமாக அழவில்லை. கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கண்ணன் ஏன் உனக்கு போன் பண்ணான்?”

சொன்னேன். நோன்பையும், அப்பா கேட்டதையும், நான் ஒப்புக்கொண்டதையும்.

“எந்த ஊர்ல இருந்தப்போ?”

“சான் ஜிமிஞானோ. நீ டோக்கன் எடுக்கப் போனப்போ.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். எண்ணியது ஊர்களையா, நாட்களையா, தான் சிரித்த தருணங்களையா என்று எனக்குத் தெரியாது.

அவள் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. ஆறு மாதம் கழித்து நான் ஊருக்கு வந்தபோது பார்க்கப் போனேன். செஞ்சியிலிருந்து வழி நெடுக, பேச வேண்டியதை மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். அவர் விருப்பத்தை மதித்தது, டாக்டர் சொன்ன கணக்கு, என் அறியாமை என எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“நீ அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் கெளம்பியிருக்க மாட்டேன்டி” என்றாள் கடைசியில். “எனக்குச் சொல்லாதன்னு அவரே சொன்ன பிறகு எப்படி வருவேன்? போன் பண்ணி அழுதிருக்கவும் மாட்டேன். நான் அவரு பொண்ணு, அது எனக்குத் தெரியும். ஆனா அவரு இங்க வெந்நீர் குடிச்சிக்கினு இருந்தப்போ நான் அங்க பீட்சா தின்னுக்கினு இருந்தேன். தெரிஞ்சிருந்தா நானும் ஒருவேளையாவது சாப்பிடாம இருந்திருப்பேன். அவருக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்.”

நான் எடைபோட்டவற்றில் இது இருக்கவில்லை. சொன்னால் அவள் அழுவாள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். தந்தையோடு சேர்ந்து நோற்கக்கூடியவள் என்று அவளைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவு காலம் அருகிலிருந்தும் அவளை அத்தனை சிறியவளாகக் கருதியிருக்கிறேன்.

“மன்னிச்சிடு” என்றேன்.

“சாப்டியா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் அண்ணியைக் கூப்பிட்டு எனக்கு இலை போடச் சொல்லிவிட்டு, அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். தனியே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் அண்ணன் என்னை வல்லம் பேருந்து நிறுத்தம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். நான் புறப்பட்டபோது அவள் வெளியே வரவில்லை.